மச்சான் கேட்டுச் சொன்ன மழைத் தேதிகள்

கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். தினமும் காலை எட்டரை மணிக்கு மாடியேறி, முந்தைய இருபத்துநான்கு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று நோட்டில் குறித்துக்கொள்வேன். பிறகு மழை ஆர்வலர்கள் கூடும் ஓர் இணையக் களத்தில் அதே எண்ணைப் பதிவிட்டுவிட்டுக் கடையைத் திறக்கப் போவேன். பதினொரு வருடமாக இது நடக்கிறது. யாரும் செய்யச் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாளும் விட்டதில்லை. ஊருக்குப் போனால் என் மனைவி பார்த்துச் சொல்வாள்.

ஒரு கார்த்திகை மாதம் வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்தது. நோட்டுகள் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. வடிந்த பிறகு எடுத்துப் பார்த்தால் நீல மை முழுவதும் கரைந்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகிவிட்டிருந்தன.

"மழைய எழுதி எழுதி வெச்சீங்க. அது நேர்ல வந்து வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு" என்றாள் மனைவி.

அப்போது நான் பெரிதாகக் கலங்கவில்லை. எல்லாம் களத்தில் இருக்கிறதே என்ற தைரியம். இரண்டு வருடம் கழித்து, ஒரு மாதத்தின் முதல் வாரத்தில், களத்தை நடத்துபவர் ஓர் அறிவிப்பு போட்டார். இனி தன்னால் பராமரிக்க முடியவில்லை என்றும், மாதக் கடைசியோடு களம் மூடப்படும் என்றும், வேண்டியதை அவரவர் எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

வெள்ளத்துக்குப் பிந்தைய இரண்டு வருடம் கையில் இருந்தது; அதற்கு முந்தைய ஒன்பது வருடத்துக்காக அன்று மாலையே கைப்பேசியும் புது நோட்டுமாக உட்கார்ந்தேன். ஒரு உறுப்பினரின் பதிவுகளை மட்டும் காட்டும் பக்கம் கடைசி இருநூறோடு நின்றுவிட்டது. பழையவற்றுக்கு, எங்கள் மாவட்ட மழைக்கென்று இருந்த நீண்ட உரையாடலைப் பக்கம் பக்கமாகத் தேடிப் போக வேண்டும். போனேன். என் பதிவு கிடைத்தது. "இன்று 34 மி.மீ." என்று எழுதியிருந்தேன். அதன் மேலே களம் தானாகப் போட்ட வரி: "8 ஆண்டுகளுக்கு முன்பு." அடுத்த பதிவிலும் அதே வரி. அதற்கடுத்ததிலும் அதே.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு என்றால் எந்த மாதம், எந்தக் கிழமை? தேதியைத்தான் களமே போட்டுக்கொள்கிறதே என்ற நினைப்பில், நோட்டில் தேதியில்லாமல் ஒரு வரிகூட எழுதாத நான், அங்கே வருடக்கணக்காக "இன்று" என்றே எழுதியிருக்கிறேன். தேதியில்லாத மழையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"சிதம்பரத்துல தம்பி நாள் பூரா இந்த மாதிரி இதுலதான கெடக்கிறான். அவன்கிட்ட கேளுங்களேன்" என்றாள் மனைவி.

என் மைத்துனர் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை செய்கிறார். நாங்கள் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். பிறவியிலிருந்தே பார்வையில்லை. திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துக்காட்டும் மென்பொருளை வைத்துக் கணினியைப் பயன்படுத்துகிறார் என்று தெரியும். எப்படி என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. கண் உள்ள என்னாலேயே முடியாததை அவரிடம் போய்க் கேட்பதா என்று எனக்குத் தோன்றியது. அந்த எண்ணத்தை இங்கே மறைக்காமல் எழுதிவைக்கிறேன்.

சனிக்கிழமை காலை ரயிலில் போனேன். மச்சான் மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தார். திரை கன்னங்கரேலென்று இருந்தது.

"இன்னும் ஆன் பண்ணலியா மச்சான்?"

"ஆன்லதான் இருக்கு. எனக்கு எதுக்கு வெளிச்சம், பேட்டரிக்குக் கேடு. உங்களுக்கு வேணும்னா ஏத்திக்குங்க."

ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் குரலை வெளியில் விட்டார். எண்ணெயில் கடுகு பொரிவதைப் போல ஒரு சத்தம் வந்தது. அதில் தமிழ் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

"இது என்ன வேகம்?"

"எனக்கு இது மெதுவு. சரி, உங்களுக்காக மாட்டுவண்டி வேகத்துல வெக்கிறேன்."

களத்தின் பக்கத்தைத் திறந்தார். நான் அந்தப் பக்கத்தை வருடக்கணக்காக மேலிருந்து கீழே விரலால் தள்ளித்தான் பார்த்திருக்கிறேன். அவர் தள்ளவில்லை, தாவினார். அங்கே ஒவ்வொரு பதிவுக்கும் எழுதியவரின் பெயர்தான் தலைப்பு. ஒரே ஒரு விசையை அழுத்தினால் குரல் அடுத்த தலைப்புக்குப் போய்விடும். பெயரின் முதல் இரண்டு எழுத்து கேட்டதுமே அவர் அடுத்ததற்குத் தாவிவிடுவார். பண்ருட்டிக்காரர், பரங்கிப்பேட்டைக்காரர், நெல்லிக்குப்பத்தில் கரும்பு போட்டவர் என்று எல்லோரையும் அரை வினாடியில் கடந்து என் பெயரில் வந்து நின்றார். நடுவில் சிலர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார்கள். அதைக் குரல் கடித்துத் துப்பியது. அதிலிருந்தும் அவர் முழு வாக்கியத்தை எடுத்து எனக்குச் சொன்னார்.

என் பதிவு முடிந்ததும் குரல் நிற்கவில்லை. "மழைப் பதிவாளர், செம்மண்டலம், கடலூர். துளித்துளியாய்க் குறித்துவைப்போம், தலைமுறைக்குச் சொல்லிவைப்போம்" என்று தொடர்ந்து படித்தது. என் பதிவுகளின் அடியில் தானாக வரும்படி நான் அமைத்திருந்த கையொப்பம் அது.

"இத இத்தன வருசத்துல ஆயிரம் தடவ கேட்டிருக்கேன் மச்சான். மத்தவங்க கண்ணு அத தாண்டிப் போயிடும். என் காது எங்க போவும்?"

நான் நோட்டைத் திறந்தேன். அவர் மறுபடி என் பதிவின் தொடக்கத்துக்குப் போனார். "8 ஆண்டுகளுக்கு முன்பு" என்றது குரல். அதோடு நிற்காமல் நாள், மாதம், வருடம், மணி, நிமிடம் என்று வரிசையாகச் சொல்லியது.

நான் திரையின் வெளிச்சத்தை ஏற்றிப் பார்த்தேன். அங்கே "8 ஆண்டுகளுக்கு முன்பு" என்பது மட்டும்தான் இருந்தது. முழுத் தேதி அந்தச் சொற்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. மவுஸின் அம்புக்குறியை அதன் மேல் வைத்தால் தெரியுமாம். என் கைப்பேசியில் அம்புக்குறி ஏது? பக்கத்தின் அழகுக்காகக் கண்ணிலிருந்து மறைத்ததை அவருடைய குரல் மறைக்கவில்லை. அவருக்குச் சின்ன எழுத்து, பெரிய எழுத்து, மங்கிய எழுத்து என்ற பேதமே கிடையாது என்று அன்றுதான் புரிந்தது.

"ஆனா ஒண்ணு. காலையில மூணு மணி அஞ்சு நிமிசம்னு சொல்லுது. நீங்க என்ன, தஹஜ்ஜுத் தொழுவ எழுந்து அப்பிடியே மழையும் அளந்தீங்களா?"

தஹஜ்ஜுத் பின்னிரவில் எழுந்து தொழுவது; நான் விடிகாலைத் தொழுகைக்கே தட்டுத்தடுமாறி எழுந்திருப்பவன் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். இருவருமாக யோசித்துக் கண்டுபிடித்தோம். களத்தின் கடிகாரம் லண்டன் நேரத்தில் ஓடுகிறது. ஐந்தரை மணி கூட்டினால் எட்டு முப்பத்தைந்து. நான் எப்போதும் எட்டரைக்குப் பிறகே பதிவிட்டதால் தேதி மாறாது. ஆனாலும் பத்துப் பன்னிரண்டு பதிவுகளைக் கூட்டிப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது.

அந்தச் சனி, ஞாயிறும் அடுத்த சனி, ஞாயிறும் அவர் கேட்டுச் சொல்ல நான் எழுதினேன். ஒருமுறை கேட்ட எண்ணை அவர் மறுமுறை கேட்டதில்லை. நான் எழுதி முடிப்பதற்குள் அடுத்த தேதி வந்து காத்திருக்கும். கடைசிச் சனிக்கிழமை, களம் மூட மூன்று நாள் இருக்கும்போது, ஏழு வருடம் நோட்டில் ஏறியிருந்தது. மீதி இரண்டு மழைக்காலம்.

அங்கேதான் சிக்கல். அந்த இரண்டு மழைக்காலங்களில் நான் சோம்பேறியாகிவிட்டிருந்தேன். மழை பெய்த நாட்களில் எண்ணைத் தட்டச்சு செய்யாமல், நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டிருந்தேன். அந்தப் படங்களைத் தாங்கிய வேறொரு இலவசத் தளம் எப்போதோ மூடிப்போயிருந்தது. என் கண்ணுக்கு உடைந்த சட்டம் ஒன்று தெரிந்தது. மச்சானின் மென்பொருள், எந்தப் படத்துக்கும் சொல்வதைப் போல, "கிராஃபிக்" என்றது. முப்பத்தேழு நாள் மழை. தேதி இருந்தது, அளவு இல்லை.

பேனாவை மூடினேன். "போயிடுச்சு மச்சான்."

"இருங்க. உங்களுக்குத்தான் படம் இன்னிக்குப் போச்சு. எனக்கு அன்னிக்கே கிராஃபிக்தான். மேல என்ன இருந்துச்சுன்னு கீழ பேசுறவங்கள வெச்சுத்தான் நான் தெரிஞ்சுக்குவேன். கீழ போவோம்."

போனார். "அறுபத்திரண்டா? எங்கள் பக்கம் வெறும் சாரல்தான்" என்று பண்ருட்டிக்காரர் எழுதியிருந்தார். ஒரு நாள் மீண்டது. அடுத்த படத்தின் கீழே நீர்க்காகம் என்ற புனைபெயரில் ஒருவர் கேட்டிருந்தார்: "படத்தில் எவ்வளவு என்று எழுத முடியுமா?" பரங்கிப்பேட்டைக்காரர் பதில் போட்டிருந்தார்: "18 மி.மீ." அதற்கடுத்த படத்தின் கீழேயும் நீர்க்காகம் கேட்டிருந்தார். அதற்கும் யாரோ எண்ணை எழுதியிருந்தார்கள். படம் போட்ட அநேக நாட்களில் அந்த ஒரே கேள்வி, சலிக்காமல். நான் ஒன்றுக்கும் பதில் சொல்லியிருக்கவில்லை. ஒரே ஒரு நாள் சொல்லியிருந்தேன். அதையும் குரல் அதே ஏற்ற இறக்கமில்லாத தொனியில் படித்தது:

"படம் தெளிவாகத்தானே இருக்கிறது? பெரிதாக்கிப் பாருங்கள்."

மச்சான் அடுத்த தலைப்புக்குத் தாவினார். நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"நீர்க்காகம் நீங்கதானா?"

"ம்."

"என்கிட்ட போன்ல கேட்டிருக்கலாமே மச்சான்."

"கேட்டா சொல்லிருப்பீங்க. தெனமும் எட்டே முக்காலுக்கு போன் பண்ணி எனக்கு மட்டும் தனியா சொல்லிருப்பீங்க. அது எனக்கு வேணாம். எல்லாரும் அங்க படிக்கிறாங்க, நானும் அங்கயே படிக்கணும். அவ்வளவுதான்."

"நான் பெரிசாக்கிப் பாக்கச் சொல்லிருக்கேன்."

"பெரிசாக்கினேன். அப்பவும் கிராஃபிக்னுதான் சொல்லுச்சு."

அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "எழுதுங்க மச்சான், மூணு நாளுதான் இருக்கு" என்றார்.

ஞாயிறு மாலைக்குள் முப்பத்துமூன்று நாட்களின் அளவு கிடைத்துவிட்டது. அதில் இருபத்தெட்டு, அவர் கேட்ட கேள்விக்கு வேறு யாரோ எழுதிய பதில்கள். மீதி நான்கு நாட்களுக்குக் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். நான்கும் அடுத்தடுத்த நாட்கள். நான் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னதற்கு மறுநாள் தொடங்குகின்றன.

"இந்த நாலு நாளு நீங்க கேக்கல."

"கோவம். அஞ்சாவது நாள் மனசு கேக்கல, எவ்வளவு பேஞ்சிருக்கும்னு."

அந்த நான்கு நாளும் நல்ல மழை என்பது இருவருக்கும் நினைவிருந்தது. உத்தேசமாக ஓர் எண்ணைப் போடலாமா என்று அவரே கேட்டார். வேண்டாம் என்றேன். நான்கு தேதிகளுக்கும் நேரே "அளவு தெரியவில்லை" என்று எழுதி, காரணத்துக்கான பத்தியில், "கேட்டவருக்குப் பதிவாளர் பதில் சொல்லவில்லை" என்று எழுதினேன். எழுதியதைப் படித்துக்காட்டச் சொன்னார். படித்துக்காட்டினேன்.