காலிக் கட்டம்

படிவத்தை ஒரு விரலால் திருப்பி வந்தவர் பக்கமாக வைக்கிறார் குணபூசணி. காலியாக இருக்கும் கட்டத்தின் மேல் இரண்டு முறை தட்டுகிறார். "கோசோங்" என்கிறார். காலி என்பதற்கு மலாய்ச் சொல். சீனி போடாத தேநீருக்கும் இங்கே அதைத்தான் சொல்கிறோம். பிறகு பேனாவை நீட்டுகிறார்.

மலிவு விலை வீட்டுக்கான விண்ணப்பம் அது. நாற்பத்து மூன்று கட்டங்கள். கோலாலம்பூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தின் மூன்றாம் கவுண்டரில் பதினான்கு வருடங்களாக அவர் அதை வாங்கி வைக்கிறார். ஒரு கட்டம் விடுபட்டிருந்தாலும் 'பெறப்பட்டது' என்ற முத்திரை விழாது. என்னுடைய படிவம் மூன்று முறை திரும்பி வந்தது.

சென்ற ஆண்டு மார்ச்சில், எனக்கு முன்னால் மாரியாயி என்ற அம்மாள் நின்றிருந்தார். சுங்கை பூலோவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர். இப்போதைய முகவரியில் எத்தனை ஆண்டு, எத்தனை மாதம் என்ற கட்டத்தில் மாட்டிக்கொண்டார்.

"அத எப்படிம்மா சொல்றது? நான் பொறந்ததே அங்கதான்."

"உங்க வயசு?"

"அம்பது இருக்கும்."

"அம்பது வருஷம். மாசம்?"

"மாசமா?"

"மாசம் கோசோங்கா இருக்கு."

மாரியாயி திரும்பி வரிசையைப் பார்த்தார். வரிசையில் யாருக்கும் தெரியவில்லை.

"தீபாவளிக்கு முன்னாடி பொறந்தீங்களா, பின்னாடியா?"

"அன்னைக்கு நல்ல மழைன்னு சொல்வாங்க."

"மழைன்னா நவம்பர்." விரல்விட்டு எண்ணி, நான்கு என்று எழுத வைத்தார். முத்திரை விழுந்தது. அந்தம்மாள் படியிறங்கும்போது தன் வயது இப்போதுதான் சரியாகத் தெரிந்ததுபோல நடந்தார்.

தெரியாது என்பதைக் குணபூசணி ஒரு பதிலாக ஏற்றுக்கொள்வதில்லை. மற்றவர்களிடம் மட்டுமல்ல, தன்னிடமும். செராஸ் போகும் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்ட ஒருவரைப் பங்சார் போகும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். அடுத்த கவுண்டர் ராதாகிருஷ்ணன், "தெரியலன்னு சொல்லியிருக்கலாமேக்கா" என்றார்.

"கேட்டுட்டு நிக்கிறாரு. எப்படிச் சும்மா அனுப்புறது?"

ஆங்கிலப் பத்திரிகையின் குறுக்கெழுத்தைப் பத்து மணித் தேநீருக்குள் முடித்துவிடுவார். எல்லாக் கட்டத்திலும் எழுத்து இருக்கும். மறுநாள் வரும் விடைகளை அவர் பார்ப்பதில்லை.

நகரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் மூன்று தலைமுறையாக இருக்கும் யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பம். தாத்தா ரயில்வே குமாஸ்தா, அப்பா ரயில்வே குமாஸ்தா. குணபூசணி பள்ளியில் நன்றாகப் படித்தார். எழுபத்தொன்றில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார். எல்லாக் கட்டங்களையும் நிரப்பியிருந்தார். பட்டியலில் பெயர் வரவில்லை. அடுத்த வருடம் மூன்றாம் கவுண்டரில் உட்கார்ந்தார். முப்பத்து நான்கு வயதானபோது ஒருநாள், ஓய்வு பெற இன்னும் இருபத்தொரு வருடம் இருப்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அன்று மதிய இடைவேளையில் அமெரிக்க நூலகத்துக்குப் போய், அந்நாட்டுக் கல்லூரிகளின் நுழைவுத் தேர்வுக்குப் படிவம் வாங்கிவந்தார்.

அந்தப் படிவத்தில், எந்தத் துறையில் படிக்க விருப்பம் என்று ஒரு கட்டம் இருந்தது. குணபூசணிக்குப் படிக்க வேண்டும் என்றுதான் இருந்தது. எதை என்று இல்லை. கட்டத்தைக் காலியாக விட முடியாது. கொடுத்திருந்த பட்டியலில் ஆங்கில அகர வரிசைப்படி முதலில் இருந்தது விவசாயம். அதை எழுதினார்.

அமெரிக்காவில் அந்தப் படிவங்களைக் கல்லூரிகள் வாங்கிப் பார்க்கும் வழக்கம் உண்டாம். இரண்டு மாதத்தில் அயோவா மாநிலத்தின் சிறிய கல்லூரி ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. ஆசியாவிலிருந்து விவசாயம் படிக்க விரும்பும் பெண்கள் அவர்களுக்கு அரிதாகவே கிடைக்கிறார்கள். இடம் தருகிறோம், கட்டணம் வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். ஒரே நிபந்தனை: வாசிப்பும் சொல்வளமும் சேர்ந்த ஆங்கிலப் பகுதியில் எண்ணூறுக்கு ஐந்நூறு எடுக்க வேண்டும். எண்பத்தேழு மார்ச் வரை இடத்தை வைத்திருப்பார்கள்.

வீட்டில் ஒரு துளசி உண்டு. அதற்கு அம்மாதான் தண்ணீர் ஊற்றுகிறார். "இந்த வயசிலை என்ன படிப்பு பிள்ளை? அதுவும் தோட்டவேலை!" என்றார் அம்மா.

"சோளம்மா. அங்க எல்லாம் சோளம்தான்" என்றார் குணபூசணி. அதற்குள் அவர் நூலகத்தில் சோளத்தைப் பற்றி இரண்டு புத்தகம் படித்திருந்தார்.

முதல் முறை நானூற்று அறுபது. நவம்பரில் நானூற்று எண்பது. ஜனவரித் தேர்வை விட்டால் மார்ச்சுக்குள் வேறு தேர்வு இல்லை.

சொற்களைப் படிக்க அவர் ஒரு முறை வைத்திருக்கிறார். பாழான விண்ணப்பங்களை நான்காக வெட்டி, எழுதாத பக்கத்தில் ஆங்கிலச் சொல்லை எழுதுகிறார். அகராதி சொல்லும் பொருளை எழுதுவதில்லை. தெரிந்தவர் ஒருவரின் பெயரை எழுதுகிறார். பிடிவாதம் என்று பொருள்படும் ஆறு சொற்களுக்கு அம்மாவின் பெயர். நன்றாகப் பதிந்துவிட்ட சொல்லுக்குப் 'பெறப்பட்டது' என்ற முத்திரை, தேதியோடு. ரப்பர் வளையம் போட்ட கட்டுகள் இழுப்பறையில் இருக்கின்றன. ஒருநாள் ராதாகிருஷ்ணன் குண்டூசி தேடப்போய் ஒரு கட்டை எடுத்துவிட்டார்.

"அக்கா, இதுல என் பேரு இருக்கு. முத்திரை வேற குத்தியிருக்கீங்க."

"பரீட்சைக்கு."

"பரீட்சையில என் பேரு வருதா?"

"அர்த்தம் வரும்."

"என்னா அர்த்தம்?"

"வாய் ஓயாம பேசுறவரு."

ராதாகிருஷ்ணன் முக்கால் மணி நேரம் பேசவில்லை. அதன்பிறகு அலுவலகம் மூடும்வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

வாசிப்புப் பகுதிதான் அவருக்குக் கோபத்தை வரவழைக்கும். ஒரு பக்கம் கட்டுரை, அடியில் ஐந்து கேள்வி. "எழுதினவன் பேரு இல்ல. தேதி இல்ல. எந்த ஊருன்னும் இல்ல. நடுவுல ஆரம்பிச்சு நடுவுலயே முடியுது" என்பார். "நம்ம கவுண்டர்ல வந்தா திருப்பி அனுப்பியிருப்பேன்." ஆனாலும் எல்லாக் கேள்விக்கும் பதில் போடுவார்.

ஞாயிறு பிற்பகல்களில் பிரிக்ஃபீல்ட்ஸில் யூனுஸ் நடத்தும் சாப்பாட்டுக் கடையின் பின்மேசை. யூனுஸின் மகள் ரசியாவும் அதே தேர்வுக்குப் படிக்கிறாள். பத்தொன்பது வயது. நூலகத்தில் ஒரே புத்தகத்துக்கு இருவரும் கை நீட்டியதில் பழக்கம். மேசையில் கறி பஃப் தட்டு, அடுப்படியிலிருந்து கொண்டுவந்த முட்டைக் கடிகாரம், நடுவில் புத்தகம். டிசம்பரின் இரண்டாம் ஞாயிறு, மாதிரித் தேர்வு ஒன்றை எழுதுமுன், "அக்கா, தெரியாம அடிச்சுவிடுற கேள்விக்கெல்லாம் பக்கத்துல ஒரு புள்ளி வைங்க" என்றாள் ரசியா.

எண்பத்தைந்து கேள்வி. எண்பத்தைந்துக்கும் பதில் இருந்தது. முப்பத்திரண்டு புள்ளிகள் இருந்தன. ரசியா திருத்தினாள்.

"முப்பத்திரண்டுல நாலு சரி. இருபத்தெட்டு தப்பு."

"நாலு கிடைச்சுதா?"

"அக்கா, ஒரு தப்புக்குக் கால் மார்க் கட். இருபத்தெட்டுக்கு ஏழு போச்சு. நாலு வந்து ஏழு போனா, மூணு நஷ்டம். ஒன்னும் போடாம கோசோங் விட்டிருந்தா சைபர்தான். ரூல்லயே இருக்கு லா, படிக்கலயா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டுமா?"

"அது தப்பா போடுறவங்களுக்கு."

ரசியா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். கல்லாவிலிருந்து யூனுஸ், "என்னம்மா, தலைவலியா?" என்று கேட்டார்.

தெரியாத கேள்விகளில் குணபூசணி கண்ணை மூடிக்கொண்டு குத்துவதில்லை. ஐந்து விடைகளில் நீளமான சொல்லைத் தேர்ந்தெடுப்பார். நீளமான சொல்லில் பொறுப்பு இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. தேர்வை அமைத்தவர்களுக்கு இப்படிப்பட்டவர்களைத் தெரிந்திருந்தது.

"நீங்க பரீட்சை எழுதலக்கா, ஃபாரம் ரொப்புறீங்க" என்றாள் ரசியா. "அந்த மூணு மார்க்குதான் ஸ்கோர்ல உங்களுக்குக் குறையுற இருபது. நானூத்தெண்பது இங்க, ஐந்நூறு இங்க. நடுவுல உங்க கை."

குணபூசணி தன் வலது கையைப் பார்த்தார்.

பயிற்சி குறுக்கெழுத்தில் தொடங்கியது. மூன்று கட்டத்தை நாள் முழுக்கக் காலியாக விட வேண்டும் என்பது ரசியாவின் கட்டளை. திங்கட்கிழமை பத்து மணிக்கு மூன்று கட்டம் காலி. பத்தே காலுக்கு ஒன்றும் காலி இல்லை. செவ்வாயன்று பத்திரிகையை ராதாகிருஷ்ணனிடம் கொடுத்து வைத்தார். மதியம் அவர் சாப்பிடப் போயிருந்தபோது எடுத்து நிரப்பிவிட்டார். புதன்கிழமை நாலரை மணிவரை தாங்கினார். அன்று ஒரு பென்ஷன்காரரிடம் ஒரே படிவத்தில் இரண்டு முறை கோசோங் காட்டினார். அதில் ஒரு கட்டம் நிரம்பியே இருந்தது. வியாழன் மாலை பத்திரிகை மூன்று வெள்ளைக் கட்டங்களோடு குப்பைக்கூடைக்குப் போனது. வீடு போன பிறகும் அவை தெரிந்தனவாம். "பல்லு விழுந்த மாதிரி" என்றார்.

ஞாயிறு மாதிரித் தேர்வுகளில் கை வேறு ஒரு தீர்வைக் கண்டுபிடித்தது. தெரியாத கேள்வி வந்ததும் பென்சிலைக் கீழே வைத்து, வலது கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். அடுத்த கேள்வியைப் படித்து, தெரிந்தால் கையை வெளியே எடுப்பார். நேரம் கொஞ்சம் வீணாயிற்று. யூனுஸ் ஒருமுறை தேநீரை வைத்துவிட்டு, "நாற்காலி ஆடுதா?" என்று குனிந்து பார்த்தார்.

ஜனவரித் தேர்வு ஒரு சனிக்கிழமை காலை, ஒரு பள்ளி மண்டபத்தில். இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த ரசியா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சுற்றிலும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள். கட்டம் போட்ட சேலையில் குணபூசணி. ஆங்கிலப் பகுதி தொடங்கி ஐந்தாவது நிமிடம் கை அடியில் போயிற்று. வந்தது, போனது. கண்காணிப்பாளர் இரண்டு முறை பக்கத்தில் வந்து நின்றார். மூன்றாம் முறை, எழுந்து நில்லுங்கள் என்றார். எழுந்தார். நாற்காலியில் ஒன்றும் இல்லை. உட்காரச் சொன்னார். குணபூசணி மறுபடி கையை வைத்து அதன்மேல் உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் ரசியா ஓடினாள். "எத்தனைக்கா?"

"இருபத்தொன்பது."

"இருபத்தொன்பது சரியா?"

"இருபத்தொன்பது கோசோங்." மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார். "வெள்ளையா விட்டுட்டு வந்திருக்கேன், ரசியா. யாராச்சும் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

வீட்டுக்குப் போய் அன்று சாப்பிடவில்லையாம். திங்களன்று மூன்றாம் கவுண்டரில் வழக்கத்தைவிடக் கடுமையாக இருந்தார். எட்டுப் படிவங்கள் திரும்பின.

ஐந்தரை வாரங்களில் முடிவு வந்தது. உறையைக் கவுண்டரில் வைத்தே பிரித்தார். முதலில் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் நிரம்பியிருக்கின்றனவா என்று விரல் வைத்துப் பார்த்தார். பிறகுதான் எண்ணைப் பார்த்தார். ஐந்நூறு. ஒரு புள்ளிகூட அதிகமில்லை. ராதாகிருஷ்ணன் எல்லாக் கவுண்டருக்கும் கேட்கும்படி கத்தினார். வரிசையில் நின்றவர்கள், வீடு கிடைத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக் கைதட்டினார்கள். குணபூசணி உறையை மடித்து வைத்துவிட்டு அடுத்தவரின் படிவத்துக்குக் கை நீட்டினார்.

மறுநாள் மதிய இடைவேளையில், சம்பளமில்லா விடுப்புக்கான படிவத்தை எடுத்தார். இருபது கட்டங்கள். பெரிய எழுத்தில், அடித்தல் இல்லாமல் நிரப்பினார். விடுப்பின் நோக்கம் என்ற இடத்தில் விவசாயம் என்று எழுதினார். ஊழியர்களின் சொந்தப் படிவத்தை அவர்களே பெற்றுக்கொள்ளக் கூடாது என்பது விதி. எழுந்து, சுற்றி வந்து, நான்காம் கவுண்டருக்கு எதிரே பொதுமக்கள் நாற்காலியில் உட்கார்ந்து, படிவத்தை ராதாகிருஷ்ணன் முன்னால் வைத்தார். தன்னுடைய முத்திரையையும் கொண்டுவந்திருந்தார். நான்காம் கவுண்டர் முத்திரையில் மை சரியாக ஒட்டுவதில்லை.

ராதாகிருஷ்ணன் வரி வரியாகப் படித்தார். பதினேழில் நின்றார். படிவத்தை ஒரு விரலால் திருப்பி அவர் பக்கமாக வைத்தார். வேலைக்குத் திரும்பும் தேதி என்ற கட்டத்தின் மேல் இரண்டு முறை தட்டினார்.

"அக்கா, கோசோங்."

சிரித்துக்கொண்டே பேனாவை நீட்டினார். குணபூசணி பேனாவைப் பார்த்தார். கட்டத்தைப் பார்த்தார். வலது கையை மெதுவாகத் தொடைக்கு அடியில் கொடுத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். இடது கையால் முத்திரையை எடுத்து ராதாகிருஷ்ணன் பக்கமாக நகர்த்தினார்.