நீதிபதியின் கேள்விக்கு லியோட்டிஸ் சொன்ன பதில்

காட்டன் ஃபோர்க் ஊருக்கு மேற்கே சாலையைக் கடக்கும் தண்டவாளத்தில் ரயில் வந்து பல காலம் ஆகிறது. புகையிலைக் கிடங்குகளை மூடியபோதே சரக்கு ரயிலும் நின்றுபோனது. இரும்புக்கு நடுவே இடுப்புயரம் புல் முளைத்துக் கிடக்கும். ஆனாலும் பள்ளிப் பேருந்து ஓட்டும் லியோட்டிஸ் ஸ்பிரூவில் அங்கே வண்டியை நிறுத்துவார். முன்கதவைத் திறப்பார். தன் பக்கத்து ஜன்னலையும் இறக்குவார். கையை உயர்த்தியதும் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். இரண்டு பக்கமும் காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் கதவு மூடும், வண்டி நகரும்.

பள்ளிப் பேருந்துகளுக்கு அப்படி ஒரு விதி உண்டு. மற்ற ஓட்டுநர்கள் அந்த இடத்தில் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பதோடு சரி. லியோட்டிஸோ மனைவி ஐடெல்லாவைத் தேவாலயத்துக்குக் கூட்டிப்போகும்போது சொந்த வண்டியையும் அங்கே நிறுத்துவார்.

"செத்துப்போன ரயிலுக்கு எத்தனை நாள்தான் துக்கம் காப்பே, லியோட்டிஸ்?" என்பாள் ஐடெல்லா.

"தண்டவாளத்தை இன்னும் பிடுங்கலையே."

"நாம போறதுக்குள்ள பாதிரியார் பிரசங்கத்தையே முடிச்சிடுவாரு."

"அதுக்கும் சேர்த்துதான் நிறுத்துறேன்."

லியோட்டிஸ் பிறந்தது 1953இல். அவருடைய அப்பா புகையிலை ஏலக் கிடங்கில் சுமை தூக்கியவர். அந்தக் காலத்தில் வட கரோலினாவில் பள்ளிப் பேருந்துகளைப் பெரிய வகுப்பு மாணவர்களே ஓட்டினார்கள். லியோட்டிஸ் பதினேழு வயதில் ஓட்டத் தொடங்கினார். கறுப்பர் பள்ளியையும் வெள்ளையர் பள்ளியையும் ஒன்றாக்கிய நேரம் அது. கறுப்புப் பையன் ஓட்டும் வண்டியில் பிள்ளைகளை அனுப்ப மனம் வராத சில வெள்ளைக்காரத் தாய்மார் தங்கள் கார்களில் பேருந்தின் பின்னாலேயே வந்தார்கள். தண்டவாளத்தில் அவர் நின்றால் அவர்களும் நின்றாக வேண்டும். அந்தக் கவனத்தைப் பார்த்தபின், இரண்டாவது வாரம் பின்னால் ஒரு காரும் இல்லை. மாணவர்கள் ஓட்டக் கூடாது என்று பிறகு சட்டம் மாறியபோதும் லியோட்டிஸ் வண்டியை விடவில்லை. பள்ளி நிர்வாகத்தின் சம்பள ஆளாக அதே சாலையில் ஓட்டினார். தாயையும் மகளையும் பேத்தியையும் ஒரே நிறுத்தத்தில் ஏற்றியவர் அவர்.

வாழ்க்கையில் ஒரு முறை அவர் நீதிமன்றப் படி ஏறியிருந்தார், தீர்ப்புச் சொல்லும் ஜூரிகளில் ஒருவராக. அன்று நீதிபதி சொன்னதை மனப்பாடமாக வைத்திருந்தார்: எதிரே நிற்பவன் நிரபராதி, அவன் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகத்துக்கு இடமில்லாமல் அரசு நிரூபிக்கட்டும். தேவாலயத்தில் டீக்கன் என்ற பொறுப்பில் இருந்ததால், ஞாயிறு வேதபாட வகுப்பில்கூடப் பெருமையாக இதைச் சொல்வார். நம் நாட்டில் சாதாரண மனுஷனுக்கும் இப்படி ஒரு கவசம் உண்டு என்பார்.

2014 செப்டம்பரில் பேருந்துப் பணிமனையில் டீசல் குறைந்தது. இரவு நேரங்களில் யாரோ பம்பைத் திறந்து பிடித்துப் போயிருக்கிறார்கள். ஓட்டுநர்களுக்குக் கொடுத்திருந்த அட்டையைக் காட்டினால்தான் பம்பு திறக்கும்; அப்படித் திறந்தது லியோட்டிஸ் பெயரிலுள்ள அட்டை.

மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரீஃபின் ஆட்கள் வந்தார்கள். விலங்கு பூட்டும்போதே ஒருவன், பேசாமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு, வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்று மூச்சு விடாமல் ஒப்பித்தான்.

"மறைக்க ஒண்ணும் இல்லாதவன் எதுக்குப்பா வாயைப் பொத்திக்கணும்?" என்றார் லியோட்டிஸ். "அது என் அட்டைதான். மத்தவங்க அட்டையில பாதி குளிர்ல சரியா வேலை செய்யாது. அதனால என்னோடதை பம்ப் பக்கத்துல ஆணியில மாட்டி வச்சிருக்கோம். எல்லாரும் அதைத்தான் எடுப்பாங்க. போய்ப் பாருங்க, ஆணி இன்னும் இருக்கும்."

யாரும் போய்ப் பார்க்கவில்லை. பணிமனை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அவர் பேசிய எல்லாவற்றிலும் "அது என் அட்டைதான்" என்ற ஒரு வரியை மட்டும் அந்த ஆள் பிடித்துக்கொண்டான். ஒப்புதல் வாக்குமூலம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

நிரபராதி என்று சட்டம் சொல்லும் மனிதனுக்கு ஜாமீன் பதினைந்தாயிரம் டாலர். பணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் கட்டும் தரகனுக்குக் கொடுக்க வேண்டிய பங்குகூட வீட்டில் இல்லை. ஐடெல்லாவின் சிறுநீரகங்கள் கெட்டு, வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கும் நிலையத்துக்கு அவள் போக வேண்டியிருந்தது. சேமிப்பெல்லாம் அந்த வழியில் போய்விட்டது. அவளைக் கூட்டிப்போய் வந்ததும் லியோட்டிஸ்தான்.

அரசு கொடுத்த வக்கீல் சிறைக்கு வந்து சேரவே மாதக் கணக்காயிற்று. மெரிடித் ஹாக் என்ற இளம்பெண். கெட்டவளில்லை. கையில் இருந்த கோப்புகளின் சுமையில் ஒரு தோள் இறங்கியிருந்தது.

"நல்ல செய்தி, மிஸ்டர் ஸ்பிரூவில். சின்னத் திருட்டுன்னு குறைச்சுக்கறாங்களாம். ஒத்துக்கிட்டீங்கன்னா, இதுவரை உள்ளே இருந்ததே தண்டனைன்னு கணக்கு வச்சு அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"நான் திருடலையேம்மா."

"நான் அதைக் கேக்கலை."

"வேற யாரு கேப்பாங்க? ஜூரி எப்போ வரும்?"

அவள் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். "இங்கே நூறு பேர்ல அஞ்சு பேர்கூட ஜூரியைப் பாக்கிறதில்லை. வழக்கை நடத்தணும்னா வசந்தகாலம் ஆயிடும். அதுவரைக்கும் உள்ளேதான். தோத்தா பெரிய தண்டனை."

"ஒத்துக்கிட்டா வண்டி ஓட்ட விடுவாங்களா?"

அவள் கோப்பை மூடினாள். திருடன் என்று தானே ஒப்புக்கொண்டவன் கையில் எந்தப் பள்ளியும் பிள்ளைகளைக் கொடுக்காது. லியோட்டிஸ் முடியாது என்று தலையசைத்து அனுப்பிவிட்டார்.

நவம்பர் கடைசியில் வரும் நன்றி தெரிவிக்கும் திருநாளுக்கு அடுத்த வாரம் உறைபனி மழை கொட்டியது. ஐடெல்லாவைக் கூட்டிப்போக வர வேண்டிய தேவாலயத்துப் பெண்ணின் கார் கிளம்பவில்லை. ஒரு தவணை தவறியது. அடுத்ததற்குள் ஐடெல்லாவுக்கு மூச்சு முட்டி ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். சிறையின் தொலைபேசியில் அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"ஒத்துக்கிட்டு வந்துடு, லியோட்டிஸ். ஊருக்குத் தெரியும் நீ யாருன்னு. கடவுளுக்கும் தெரியும்."

"பள்ளிக்கூடத்துக்குத் தெரியணுமே, ஐடெல்லா."

"நான் செத்தப்புறம் பஸ் ஓட்டி யாரைக் கூட்டிப்போகப் போறே?"

லியோட்டிஸ் வக்கீலைக் கூப்பிட்டு, சரி என்றார்.

ஒப்புக்கொள்ள வேண்டிய நாளன்று காலையில் நீதிமன்றத்தின் கீழ்த்தளக் கூண்டில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஆளுக்கொரு ரொட்டித் துண்டும் நடுவே குளிர்ந்த இறைச்சி வில்லையும் கிடைத்தன. டியூக் பாசிலி என்ற தடியன் எத்தனையோ முறை வந்து போனவன். புதியவர்களுக்கு அவன்தான் வாத்தியார்.

"டீக்கன், கவனமாக் கேளுங்க. நீதிபதி வரிசையாக் கேள்வி கேப்பாரு. தலைகால் புரியலைன்னாலும் பரவாயில்லை. 'வக்கீல்மேல திருப்தியா?' ஆமாங்கய்யா. 'போதை மருந்து ஏதாவது சாப்பிட்டிருக்கியா?' இல்லைங்கய்யா. 'உரிமையெல்லாம் விட்டுக்கொடுக்கறேன்னு தெரியுமா?' ஆமாங்கய்யா. 'யாராவது மிரட்டினாங்களா, ஆசை காட்டினாங்களா?' இல்லைங்கய்யா. எங்கே, சொல்லுங்க பாக்கலாம்!"

மூலையிலிருந்து ஒருவன், "எனக்கு இந்த ரொட்டியைக் காட்டித்தான் மிரட்டினாங்க" என்றான். கூண்டு சிரித்தது.

"அந்தக் கடைசிக் கேள்வி," என்றார் லியோட்டிஸ். "அதுக்கு எல்லாரும் இல்லைன்னுதான் சொல்றாங்களா?"

"பின்னே? அது கேள்வியே இல்லை டீக்கன். ஜெபத்துக்குக் கடைசியில ஆமென் சொல்றோமில்லே, அது மாதிரி."

மேலே, மெழுகு பூசிய மரமும் கொடிகளுமாக மன்றம் இருந்தது. பின்வரிசையில், தேவாலயத்துத் தோழி குவீன் எஸ்தரின் தோளில் சாய்ந்தபடி ஐடெல்லா உட்கார்ந்திருந்தாள். முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. நீதிபதி லாங்லி கையிலிருந்த தாளைப் பார்த்தே கேட்டார்; நிமிரவில்லை. வலது கையை உயர்த்தி உண்மையே சொல்வேன் என்று லியோட்டிஸ் சத்தியம் செய்திருந்தார். முதல் கேள்விகளுக்குப் பதில்கள் சரியாக வந்தன.

"ஒப்புக்கொள்ளச் சொல்லி யாராவது உங்களை மிரட்டினாங்களா, எந்த விதத்திலாவது கட்டாயப்படுத்தினாங்களா?"

லியோட்டிஸ் வாயைத் திறந்தார். இல்லை என்ற சொல் வரவில்லை. தண்டவாளத்தின்முன் நிற்பவர்போல் நின்றார்.

"மிஸ்டர் ஸ்பிரூவில்?"

"ஆமாங்கய்யா. கட்டாயப்படுத்தினாங்க."

நீதிபதி முதல்முறையாக நிமிர்ந்தார். மெரிடித் ஹாக் லியோட்டிஸின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"யாரு?"

"நீங்கதாங்கய்யா. நீங்க எல்லாரும் சேர்ந்துதான். நான் திருடலை. திருடினேன்னு சொன்னா இன்னிக்கு வீட்டுக்குப் போகலாம், திருடலைன்னு சொன்னா உள்ளேயே கிடன்னு சொல்றீங்க. என் பொண்டாட்டி அதோ மூச்சு வாங்கிட்டு உக்காந்திருக்கா. இதுக்கு வேற என்னங்கய்யா பேரு?"

"கேள்வியைப் புரிஞ்சுக்கிட்டு மறுபடியும் சொல்லுங்க."

"புரிஞ்சுதுங்கய்யா. புரிஞ்சதனாலதான் சொல்றேன்."

அரசுத் தரப்பு வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தான். கட்டாயத்தில் வந்த ஒப்புதலை ஏற்கச் சட்டத்தில் இடமில்லை என்று நீதிபதி சலிப்போடு சொல்லி, வழக்கை விசாரணைப் பட்டியலில் போட்டார். ஜாமீன் குறையவில்லை. அந்தப் பதில் உண்மையா என்று மன்றத்தில் ஒரு ஜீவனும் விசாரிக்கவில்லை. கேட்டது அவர்கள், சத்தியம் வாங்கியது அவர்கள். பதில் வந்ததும் தொந்தரவு செய்தவன் என்று அந்தக் கிழவரைக் கீழே அனுப்பியதும் அவர்களே. அடுத்துக் கூப்பிட்டது டியூக்கை. அவன் எல்லாப் பதிலையும் மணி அடித்தாற்போல் சொன்னான். மதியத்துக்குள் தெருவில் இருந்தான்.

அன்று சாயங்காலத் தொலைபேசியில் ஐடெல்லா கத்துவதற்குக்கூடத் தெம்பில்லாமல் திட்டினாள்.

"ஒரு 'இல்லை' சொல்ல உனக்கு வாய் வலிச்சுதா? பிறந்த பிள்ளைகூடச் சொல்லும்."

"சத்தியம் பண்ணச் சொன்னாங்க, ஐடெல்லா."

"அவங்க சும்மா சொல்வாங்க!"

"நான் சும்மா பண்ணலையே."

"சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அதன்பின் குவீன் எஸ்தர் தன் சலவைக்கடை வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு, தவணைக்குத் தவணை அவளைக் கூட்டிப்போனாள். அரசாங்கம் பறித்ததை ஒரு சலவைக்காரப் பெண் ஈடு கட்டினாள்.

வழக்கு நடந்தே தீரும் என்றானபின்தான் மெரிடித் ஹாக் பேருந்துப் பணிமனைக்குப் போனாள். மார்ச் மாதம். பம்பின் பக்கத்தில் ஆணி இருந்தது. லியோட்டிஸின் அட்டையைப் போலீஸ் எடுத்துக்கொண்டதால் அதில் வேறொரு ஓட்டுநரின் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அங்கே நின்றிருக்கும்போதே மூன்று பேர் அந்த ஒரே அட்டையை எடுத்து டீசல் பிடித்தார்கள். படம் எடுத்துக்கொண்டாள். மேலாளரிடம், இதைச் சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியமாகச் சொல்வீர்களா என்று கேட்டாள்.

"ஆமா, எல்லாரும் எடுப்பாங்க. அதான் ஊருக்கே தெரியுமே."

"ஏன் முன்னாடியே சொல்லலை?"

"யாரும் வந்து கேக்கலையே, மேடம்."

ஜூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டிய காலையில், மெரிடித்தின் படங்களைப் பார்த்திருந்த அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து, வழக்கைக் கைவிடுகிறோம் என்றான். ஒரே ஒரு வாக்கியம். ஜூரிகள் நடைவழியில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"நீங்க போகலாம், மிஸ்டர் ஸ்பிரூவில்," என்றார் நீதிபதி.

லியோட்டிஸ் நகரவில்லை. "ஐயா, நீங்க கேட்டதுக்கெல்லாம் நான் பதில் சொன்னேன். நானும் ஒண்ணு கேக்கலாமா? நான் திருடினேனா, இல்லையா?"

"அந்த வழக்கு இப்போ என் முன்னால இல்லை."

"அப்போ குளிர்காலம் முழுக்க நான் எதுக்கு உள்ளே இருந்தேன்?"

நீதிபதி அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

சிறையில் உடைமைகளைத் திருப்பித் தர மூன்று மணியாகிவிட்டது. குவீன் எஸ்தர் காரை வாசலில் நிறுத்தியிருந்தாள். பின்சீட்டில் ஐடெல்லா. லியோட்டிஸ் ஏறி உட்கார்ந்ததும் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவர் வேலையை ஜனவரியிலேயே வேறொருவனுக்குக் கொடுத்துவிட்ட செய்தியை அவள்தான் சொல்ல வேண்டும். ஊரின் மேற்கு எல்லை வரும்வரை சொல்ல முடியவில்லை.

தண்டவாளம் வந்தது. கார் ஏறப்போனது.

"நிறுத்துடி, எஸ்தர்!" என்றாள் ஐடெல்லா. "கதவைத் திற. கண்ணாடியை இறக்கு."

"இங்கே எந்த ரயில் வருது சிஸ்டர்?"

"திறன்னா திற."

கார் நின்றது. கதவு திறந்தது. மூவரும் காது கொடுத்தார்கள். அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து மஞ்சள் பேருந்து வந்தது. லியோட்டிஸுக்கு அந்த என்ஜினின் சத்தம் வளைவிலேயே தெரிந்துவிட்டது. ஜன்னல்களில் பிள்ளைகளின் முகங்கள். ஓட்டுநர் இருக்கையில் தெரியாத இளைஞன். பேருந்து வேகம்கூடக் குறையாமல் தண்டவாளத்தின்மேல் குதித்தேறி, அவர்களைக் கடந்து போனது. உள்ளே இருந்த ஒரு சிறுமி லியோட்டிஸை அடையாளம் கண்டு கையை உயர்த்தினாள். சத்தம் போடாதே என்று அவர் காட்டும் அதே சைகை.

"அது உன் வண்டிதானே?" என்றாள் ஐடெல்லா.

"என் வண்டிதான்." லியோட்டிஸ் காரை விட்டு இறங்கி, புழுதி அடங்கும்வரை அது போன திசையையே பார்த்து நின்றார். திரும்பியபோது முகம் கன்றியிருந்தது. "எஸ்தர், காரைத் திருப்பு. பள்ளிக்கூட ஆபீஸ் அஞ்சு மணி வரைக்கும் திறந்திருக்கும்."

"இப்பவே போகணுமா? சாப்பாடு பண்ணி வச்சிருக்காங்க, டீக்கன்."

"ஆறட்டும். என்னைத் திருடன்னு அவங்களால சொல்ல முடியலை. திருடன் இல்லைன்னு சொல்லவும் வாய் வரலை. அந்த வண்டி இங்கே நின்னு கதவைத் திறக்கிற வரைக்கும் நான் அந்த ஆபீஸ் வாசலை விட்டு நகரப்போறதில்லை."

ஐடெல்லா நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள். எஸ்தர் காரைத் திருப்பினாள்.