பேர் போட்ட பேக்

சுங்கை லாலாங்கில் எந்த ஆம்பளைக்காவது தன் கல்யாணத் தேதி மறந்துபோனால் மருதம்மாளுக்குத்தான் போன் போடுவான். அவள் அலமாரியைத் திறப்பாள், அடுக்கைப் புரட்டுவாள், தேதியைச் சொல்வாள். அவள் புண்ணியத்தில்தான் பல பேர் இன்னும் வீட்டுக்குள் நிம்மதியாகச் சோறு தின்கிறார்கள்.

கல்யாணத்துக்கு வந்தவர்கள் கையில் கொடுத்தனுப்பும் தாம்பூலப் பேக்கைக் கட்டுவதுதான் மருதம்மாளின் தொழில். மண்டபத்துக்குப் பின்னால் நாலு பெண்களோடு பாயைப் போட்டு உட்கார்ந்தால், வெற்றிலை பாக்கு, ஆரஞ்சு, முறுக்குப் பொட்டலம் என்று ஐந்நூறு பேக்கையும் நிரப்பிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். பேக்கில் பேர் அச்சடிக்கும் கடைக்காரன் எப்போதும் ஐம்பது கூட அடித்துவிடுவான். பெண் பேர், மாப்பிள்ளை பேர், தேதி எல்லாம் போட்ட அந்த மிச்சத்தைக் கல்யாண வீட்டார் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மருதம்மாள் விடுவாளா? இருபத்திரண்டு வருடத்துக் கல்யாணங்கள் அவள் அலமாரியில் அடுக்கிக் கிடக்கின்றன.

அவளுக்கு எதுவும் பேக்தான். அரிசி மூட்டையும் பேக், பள்ளிக்கூடப் பையும் பேக், கடையில் தேத்தண்ணி கட்டித் தரும் பிளாஸ்டிக் உறையும் பேக். "இந்த ஒரு வார்த்தய வச்சே நான் லண்டன்ல குடித்தனம் நடத்திருவேன்லா" என்பாள். பேச்சுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

அவள் கணக்கில் திரும்பி வராத பேக் ஒன்றுதான். இருபத்து நாலு வருடத்துக்கு முன்னால், ஜொகூரில் மூன்று நாள் வேலை என்று சொல்லிவிட்டு, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய நீலப் பேக்கை எடுத்துக்கொண்டு போனான் புருஷன் பரஞ்சோதி. மூன்று நாள் இன்னும் முடியவில்லை. அங்கே அவனுக்கு வேறொரு குடும்பம் என்று ஊர்தான் அவளுக்குச் சொன்னது. வீடு கொள்ளாத அளவுக்குப் பேக் சேர்த்தவள் அந்த ஆணியில் மட்டும் எதையும் மாட்டியதில்லை.

யாருக்கு எதைக் கொடுத்தாலும் பேக்கில் போட்டுத்தான் கொடுப்பாள். ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. கொடுப்பதற்கு முன்னால் கண்ணாடியைப் போட்டுப் பேரைப் படித்துவிடுவாள். பிரிந்துபோன ஜோடியின் பேக் அவர்களுடைய சொந்தக்காரர்கள் வீட்டுப் பக்கம் போய்விடக் கூடாது. ஊரில் யார் சேர்ந்திருக்கிறார்கள், யார் பிரிந்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரிதான் தன் மகள் விஷயத்தில் கோட்டை விட்டாள்.

மகள் வாசுகிக்கு முப்பது வயது. சுங்கை பட்டாணியில் ஒரு கிளினிக்கில் வேலை. வந்த வரனையெல்லாம் தட்டிக்கழித்தவள், போன மாதம் திடீரென்று, "அம்மா, விக்கின்னு ஒருத்தர். ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வராங்க" என்றாள். மருதம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இது நின்றுபோனால் பெண் இனி வாயே திறக்க மாட்டாள் என்று பயந்தாள்.

வந்தார்கள். பையன் அடக்கமாக இருந்தான், கேசரியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். அங்கேயே அவனுக்குப் பாதி மார்க். அவன் அம்மா பிரேமாவதி ஏனோ நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது மருதம்மாள் அவசர அவசரமாக அலமாரியைத் திறந்து, இருப்பதிலேயே பளபளப்பான மஞ்சள் பேக் ஒன்றை உருவி, முறுக்கும் அதிரசமும் போட்டு பிரேமாவதி கையில் திணித்தாள். கண்ணாடி அடுப்படியில் கிடந்தது. பேக்கைப் பார்த்த பிரேமாவதிக்கு முகம் வெளிறியது. பேக்கோடு காரில் ஏறிப் போய்விட்டாள்.

'அதிரசம் கறுத்துப்போச்சோ?' என்று மருதம்மாள் அன்றைக்கெல்லாம் மாய்ந்துபோனாள்.

மறுநாள் காலையில் போன் வந்தது. பிரேமாவதி அழுதுகொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க ரொம்பப் பெரிய மனுஷி. எல்லாம் தெரிஞ்சும் ஒரு வார்த்த கேக்கல. அந்தப் பேக்கயே எங்க கையில குடுத்து, பழசத் தூக்கிட்டுப் போங்கன்னு சொல்லாமச் சொல்லிட்டீங்க."

மருதம்மாளுக்கு ஒரு எழவும் புரியவில்லை. ஆனாலும் புகழ்ச்சியை யார் இடைமறிப்பார்கள்? "ம்" என்றாள்.

"விக்கியும் அவளும் ஏழு மாசந்தான் அக்கா வாழ்ந்தாங்க. ஒத்துப்போகல. அந்தப் பொண்ணயும் கொற சொல்ல முடியாது. நேத்தே சொல்லணும்னுதான் வந்தேன். வாய் வரல."

"ம்" என்றாள் மருதம்மாள், இந்தத் தடவை வேறு குரலில்.

போனை வைத்தாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, அலமாரியில் மஞ்சள் அடுக்கை இழுத்தாள். நெளிநெளியான தங்க எழுத்தில் நளினி, விக்னேஸ்வரன், ஏழு வருடத்துக்கு முந்தைய ஒரு தேதி. அலோர் ஸ்டார் மண்டபத்தில் அவளே உட்கார்ந்து கட்டிய பேக். அன்றைக்குப் பின்கட்டைவிட்டு எழுந்து வந்து மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க அவளுக்கு எங்கே நேரம்? ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் தேதி சொன்னவளுக்கு வந்த மாப்பிள்ளை யாரென்று தெரியவில்லை! கோபம் உச்சிக்கு ஏறியது. கூடவே, இவனும் மறைக்கிற ஆளோ என்ற பழைய பயமும் வந்தது.

"வாசுகி! ஒனக்குத் தெரியுமா இது?"

வேலைக்குக் கிளம்பி நின்ற வாசுகி, பேக்கைப் பார்த்ததும் தோளில் மாட்டியதைக் கழற்றி வைத்தாள்.

"தெரியும்மா."

"எப்பத்துலேர்ந்து?"

"மொத நாளே சொல்லிட்டாரு. எங்கூட ஒரு தேத்தண்ணி குடிக்கறதுக்கு முன்னாடியே. 'இதக் கேட்டுட்டு எந்திரிச்சுப் போறதுன்னா போயிரலாம்'னாரு. நாந்தான் ஒங்கிட்டச் சொல்லப் பயந்தேன். ஒனக்கு இந்த அலமாரிதானம்மா உலகம். பிரிஞ்சவங்க பேக்குன்னா கருவேப்பில கட்டத்தான் லாயக்கும்ப."

மருதம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தாள். பேக்கை மடியில் வைத்துத் தடவினாள். கண்ணாடிக்குள்ளே கண்ணீர் தேங்கியது.

"மொத நாளே சொன்னானா?"

"ஆமாம்மா."

"உங்கப்பன் போற அன்னிக்குக்கூடச் சொல்லலடி" என்றாள் மருதம்மாள். "போ, வேலைக்கு நேரமாச்சு. அந்தம்மாவுக்குப் போன் போட்டுத் தை மாசத்துல நாள் பாக்கச் சொல்லு."

பேக் அச்சடிக்கக் கொடுக்கும்போது பிரேமாவதி தயங்கித் தயங்கி, "இந்தத் தடவ பேரு வேணாமேக்கா, பூ மட்டும் போதுமே" என்றாள்.

"ஏன், எம்மவ பேருக்கு என்ன கொறச்சல்? பெருசாப் போடச் சொல்லுங்க சம்பந்தி. கண்ணாடி இல்லாமலே நான் படிக்கணும்" என்றாள் மருதம்மாள்.

கல்யாணத்தன்று பெண்ணின் அம்மா மேடையில் நிற்க வேண்டும் என்று ஊரே கூப்பிட்டது. பட்டுப்புடவையோடு அவள் பின்கட்டுப் பாயில் உட்கார்ந்து ஆரஞ்சு எண்ணிக்கொண்டிருந்தாள். தாலி கட்டும் நேரத்துக்கு அவளை இழுத்துக்கொண்டுபோக மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

வழக்கம்போல ஐம்பது பேக் மிச்சம். நாற்பத்தொன்பதை அலமாரியில் வைத்தாள், நளினி பேர் போட்ட மஞ்சள் அடுக்குக்குப் பக்கத்திலேயே. அதைக் கிழிக்கவும் இல்லை, ஒளிக்கவும் இல்லை. அந்தப் பெண்ணும் யாரோ ஒரு தாய் பெற்ற மகள்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

ஐம்பதாவது பேக்கைக் கதவுக்குப் பின்னால் அந்த ஆணியில் மாட்டினாள். மறுநாள் காலையில் அதை எடுத்துக்கொண்டுதான் கோலா கெடாவுக்குக் கருவாடு வாங்கப் போனாள்.