கடல் சிவந்த ரீல்

கங்காதரன் எதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் நம்பமாட்டான். முட்டை வாங்கினால்கூட ஒவ்வொன்றாக வெயிலுக்கு நேராகப் பிடித்துத் திருப்புவான். பாடியில் ஒரு பட்டறையில் லேத் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பழைய சாமான் கடைகளில் எட்டு எம்.எம். ரீல் தேடி அலைவான். வீட்டிலேயே சின்ன புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்கிற ரீல்கள் அவை. சர்க்கஸ், கார்ட்டூன், வெளிநாட்டு ஊர்கள் என்று அம்பத்தூர் வீட்டுப் பரண் நிறைய டப்பாக்கள்.

கலர் ரீலுக்கு ஒரு வியாதி உண்டு. வருஷம் போகப்போக நீலமும் பச்சையும் வெளுத்து, படமே சிவந்துவிடும். விற்கிறவன் அதைச் சொல்லமாட்டான். ரீலில் ஒவ்வொரு படமும் அரிசி அளவுதான் என்பதால் கையில் பிடித்துப் பார்த்தால் பாதிதான் தெரியும். அதனால் கங்காதரன் வீட்டுச் சுவரில் ஓட்டிப் பார்த்துத்தான் தீர்ப்பு சொல்வான். அந்தத் தீர்ப்பை யாரும் மறுத்ததில்லை.

பொங்கல் கழிந்து அவன் வாங்கிய பாய்மரப் படகு ரீல் அந்தச் சுவரில் நீலக் கடலாக விரிந்தது. ஒரு துளிகூடச் சிவக்கவில்லை என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னான்.

தங்கை வரலட்சுமி எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ரீல் சுற்றுவது, அறுந்தால் ஒட்டுவது அவள் வேலை. வெளியாள் வந்தால் உள்ளே போய்விடுவாள். ஆனால் கதவிடுக்கில் எல்லாம் பார்ப்பாள். அப்படிப் பார்த்துத்தான் தசரதனைப் பிடித்துப்போயிற்று. முத்தாபுதுப்பேட்டைக்காரன், அண்ணனைப் போலவே ரீல் பைத்தியம். அவனே பெண் கேட்டான். ஆவணியில் நிச்சயம் என்று பேசியிருந்தார்கள்.

இடையில் அந்தப் படகு ரீலை அவன் இரவல் வாங்கிப் போனான். திருப்பித் தந்த அன்று வாசலிலேயே அம்மா நாகம்மாளிடம் கொடுத்துவிட்டு, உட்காரக்கூடச் செய்யாமல் கிளம்பிவிட்டான்.

ஆடியில் கூழ் ஊற்றிய அன்று உறவுக்காரர்கள் வீட்டுக்குள் கொள்ளவில்லை. கங்காதரன் முற்றத்தில் புது வேட்டியைக் கட்டி அதில் படகு ரீலை ஓட்டினான். பீட்ரூட் வேகவைத்த தண்ணீர்போலக் கடல் அலையடித்தது. உறவுக்காரர்கள் கைதட்டினார்கள். கூழுக்கு வந்திருந்த தசரதன் மட்டும் படம் முடியும்வரை தலை நிமிரவில்லை. வரலட்சுமி அதைக் கவனித்தாள்.

எல்லோரும் போனபிறகு கங்காதரன் சொன்னான்: "மாத்திட்டாம்மா. நம்ம ரீல அமுக்கிகினு, செவந்துபோனத டப்பாவுல போட்டுக் குட்த்துகீறான். இவனுக்கா பொண்ணு?" ஞாயிற்றுக்கிழமை அவனை வரச்சொல்லிப் பேச்சை முறித்துவிடுவதாகவும் சொன்னான்.

வரலட்சுமிக்கு எல்லாம் பொருந்திவந்தது. வாசலோடு திரும்பியது, குனிந்த தலை, ரீலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதது. ஆனாலும் ரீலை எடுத்து விரல் நுனியில் ஓடவிட்டாள். ஓரிடத்தில் நின்றாள். படகு திரும்புகிற இடத்தில் அறுந்ததை அவள்தான் ஒட்டியிருந்தாள். கத்தரிக்கோல் வழுக்கிக் கோணலாக விழுந்த வெட்டு. அதே கோணல் இதிலும் இருந்தது. ரீல் மாறவில்லை. அப்படியானால் வெயிலில் போட்டுவிட்டானா? சந்தேகம் போகவில்லை, இடம்தான் மாறியது.

மறுநாள் துவைத்துக் காய்ந்த வேட்டியைச் சுவராணியில் மாட்டினாள். வேட்டிக்குப் பக்கத்தில் சுவர் நீலமாகத் தெரிந்தது. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது பளிச்சென்று இருக்கட்டும் என்று அவள்தான் இன்னொரு பொட்டலம் நீலம் கலக்கியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தசரதன் வந்தான். அசல் ரீலை எங்கே வைத்திருக்கிறாய் என்று கங்காதரன் கேட்டான். தசரதன் வாய் திறக்கவில்லை. அவன் சும்மா இருக்க இருக்க அண்ணன் குரல் ஏறியது. வரலட்சுமி கூடத்துக்கு வந்தாள். ஜன்னலைச் சாத்தினாள். சுவரில் பாதியை மறைத்து வேட்டியைத் தொங்கவிட்டு, புரொஜெக்டரைப் போட்டாள். சுவர்ப் பக்கம் கடல் நீலம். வேட்டிப் பக்கம் அதே கடல் சிவப்பு. ஒரு படகு நீலத்திலிருந்து சிவப்புக்குப் போயிற்று.

கங்காதரன் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத் தசரதன் பக்கம் திரும்பினான். "உனக்கு முன்னாடியே தெர்யுமா?"

"எங்க ஊட்டு ஸ்கிரீன்ல போட்ட அன்னிக்கே தெர்யும், மச்சான், அது செவந்த ரீலுதான்னு. பொண்ணு குடுக்கறவன் கிட்ட போயி உன் கண்ணு தப்புன்னு எப்டி சொல்றது?"

கங்காதரன் பரணில் ஏறி, பொங்கலுக்குப்பின் வாங்கிய டப்பாக்களையெல்லாம் இறக்கத் தொடங்கினான். நிச்சயத்துக்கு எத்தனை பேர் வருவீர்கள் என்று மேலிருந்தபடியே கேட்டான்.

வரலட்சுமி காபி கலக்கப் போனாள். இத்தனை நாள் ஒருவன் இப்படி வாய் மூடி இருக்கமுடியுமென்றால், இன்னும் எதையெல்லாம் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவைப்பான்? டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்தாள். குடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நல்லா கீது," என்றான் தசரதன்.

"சக்கரையே போடல," என்றாள். அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு. "அதயாவது சொல்லுங்க."