சத்தமாகச் சொன்ன எடை

சத்துமாவு கிண்டுகிற வாசனை ஒரு பக்கம், பிள்ளைகளின் வீரிட்ட அழுகை இன்னொரு பக்கம்... ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பால்வாடியில் எடை போடும் நாள் அப்படித்தான் தொடங்கும்.

நான் அப்போது வேலைக்குப் புதிது. விட்டத்தில் தொங்கும் தராசில் துணித் தொட்டிலை மாட்டி, பிள்ளையை உட்காரவைத்து, முள் நிற்கிற இடத்தைக் கத்திச் சொல்ல வேண்டும். கத்தினால்தான் மூலையில் உட்கார்ந்து எழுதுகிற டீச்சருக்குக் கேட்கும். ஊருக்கும் கேட்கும்... அதுதான் வினை.

ஒருநாள் பேச்சி தன் ஒன்றரை வயதுப் பையனைத் தூக்கி வந்தாள். காலில் கனத்த வெள்ளிக் கொலுசு, இடுப்பில் வெள்ளி அரைஞாண். கல்யாண வீட்டுக்குப் புறப்பட்ட மாதிரி! பின்னாலேயே மாமியார்.

"எம் மவன் இந்த வயசுல உருண்டையா இருப்பான். இவ பிள்ள வளக்க லெச்சணத்தப் பாரும்மா."

நான் கொலுசில் கை வைத்ததும் பேச்சி என் காதருகே குனிந்தாள்.

"கழத்தாதியக்கா... எடை கொறஞ்சா வீட்ல என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிருவாவ."

வெள்ளியோடு எடை போட்டால் பையன் தேறிய கணக்கில் போய்விடுவான். கூடுதல் மாவும் முட்டையும் கிடைக்காது. கழற்றினால் இவள் பாடு திண்டாட்டம்.

கழற்றினேன். முள் இறங்கியது. புயத்தில் அளவு நாடாவைச் சுற்றினால் அதிலும் மிக மெலிவு என்று காட்டும் சிவப்பு.

"சத்தமா சொல்லும்மா!" என்றார் டீச்சர். நான் கத்தவில்லை. எழுந்து போய் அவர் காதில் சொன்னேன்.

"என்னம்மா ரகசியம்?" என்றாள் மாமியார்.

"ஒண்ணுமில்ல ஆச்சி, பையனுக்கு மாவு கூடக் குடுக்கணும். நீங்களே கிண்டி ஊட்டுங்க. ஒங்க கைப்பக்குவம் யாருக்கு வரும்?"

ஆச்சி குளிர்ந்துபோனாள்.

சில மாதம் கழித்து பேச்சி வந்தாள். பையன் காலில் கொலுசு இல்லை.

"யக்கா, இன்னைக்கு சத்தமா சொல்லுங்க."

தெருமுனைவரை கேட்கிற மாதிரி கத்தினேன். அவள் முகத்தைப் பார்த்து எனக்கே கண் கலங்கிவிட்டது...

இப்போதெல்லாம் மெஷினில் பார்த்து நேரே போனில் ஏற்றிவிடுகிறோம். எந்தப் பிள்ளை எத்தனை கிலோ என்று பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. நல்ல காரியம்தான், எத்தனையோ பேச்சிகள் பிழைத்தார்கள். ஆனாலும் எடை ஏறிய பிள்ளையைப் பார்த்தால் என் வாய் சும்மா இருப்பதில்லை. சொன்னால் சிரிப்பீர்கள்.

போன வாரம் என்னோடு வேலை பார்க்கும் பெண் கேட்டாள்.

"அதான் போன்ல ஏத்தியாச்சே, ஏன்க்கா கத்துதிய?"

"பிள்ளையோட அம்மைக்குக் கேக்கணும்லா!"