கடிக்கிற பிள்ளையும் நாகவேணி அக்காவும்

கர்நாடகக் கடலோரம், கும்டாவில் எங்கள் பாலர் பள்ளிக்கு நாகவேணி நாயக் முதன்முதலாக வந்த காலையில், நான் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். சிஞ்சனா கடித்த இடம். நாலு வயதுப் பெண். பல் பதிந்து கன்றியிருந்தது.

நாகவேணி அக்காவின் வேலை வேறு யாருக்கும் இல்லாத வேலை. அங்கோலா முதல் ஹொன்னாவர் வரை எங்கள் அறக்கட்டளை நடத்தும் பாலர் பள்ளிகளில் எந்த டீச்சராவது பிள்ளைகளைச் சமாளிக்க முடியாமல் தவித்தால், பஸ் ஏறி அங்கே போவார். அந்த வேலையை அவரே கேட்டு உண்டாக்கிக்கொண்டார். இளம் வயதில் கடலோர ஊர் ஒன்றில் அவரும் டீச்சராக இருந்தவர்தான். நாற்காலியைத் தூக்கி எறியும் ஒரு பையனோடு தனியாகத் திண்டாடி, சமையல்கட்டுக்குப் பின்னால் போய் அழுவாராம். ஒரே ஒரு நாள் யாராவது வந்து பக்கத்தில் நிற்க மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறார். யாரும் வரவில்லை.

பின்னாளில் அறக்கட்டளைத் தலைவர், "வருஷத்துக்கு ஒரு தடவை எல்லா டீச்சரையும் மண்டபத்துக்குக் கூப்பிட்டு வகுப்பு எடுத்தா போதாதாம்மா?" என்று கேட்டபோது, "மண்டபத்துல எந்தப் பிள்ளையும் கடிக்காது சார். கடிக்கிற இடத்துக்கு நான் போறேன்" என்றாராம்.

அன்று வந்ததும் அவர் சிஞ்சனாவைத் தேடவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"சாப்டியா பிரமீளா?"

"எங்கக்கா நேரம்? அவள வேற பள்ளிக்கு அனுப்பச் சொல்லுங்க. என்னால முடியல."

"சொல்லலாம். முதல்ல இந்த அவலைத் தின்னு. அப்புறம் நீ அவகூட மட்டும் இரு. மத்ததுங்கள நான் மேய்க்கறேன்."

ஒரு முழுக் காலை, ஒரே ஒரு குழந்தையோடு. நான் டீச்சரான நாள் முதல் அப்படி ஒன்று எனக்குக் கிடைத்ததே இல்லை. "கடிக்கறதுக்கு முந்தி என்ன நடக்குதுன்னு மட்டும் பாரு" என்றார் அக்கா.

பார்த்தேன். அவள் ஆசையாக மணலில் அளைந்துகொண்டிருப்பாள். நான் கைதட்டி, "போதும், எந்திரிங்க" என்பேன். அடுத்த நொடி பக்கத்தில் இருக்கும் கை அவள் வாயில். ஒவ்வொரு முறையும் அப்படியேதான்.

மாலையில் அவள் அம்மா சொன்னாள்: "அழுவான்னு அவ தூங்கறப்பவே அவங்கப்பா படகுக்குக் கிளம்பிடுவாரு டீச்சர்."

சொல்லாமல் எதுவும் முடிந்துபோவதுதான் அவளுக்குப் பயம், காரணம் கிடைத்துவிட்டது என்று நான் துள்ளினேன். அக்கா துள்ளவில்லை. "அதுவாவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். படகு நம்ம கையில இல்ல. மணல் நம்ம கையில இருக்கு."

மணல் விளையாட்டு முடியப்போகிறது என்று முன்கூட்டியே சொல்வது, கடைசி வாளியை அவளையே நிரப்பவிடுவது, அதைச் சுமந்துபோய் வைக்கும் பொறுப்பை அவளிடமே கொடுப்பது. இவ்வளவுதான் நாங்கள் முடிவு செய்தது.

அப்படிச் செய்த முதல் நாள் நிலைமை இன்னும் மோசமானது. சிஞ்சனா எவர்சில்வர் தட்டை வீசினாள். அது அக்காவின் புருவத்தைக் கிழித்தது. நான் ஓடினேன்.

"என்னை விடு. அவகிட்ட போ. குரலத் தாழ்த்து."

போய்த் தரையில் உட்கார்ந்தேன். "கோவமா இருக்கே, தெரியுது. நான் இங்கதான் இருக்கேன்." தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு, அவள் மெல்ல நகர்ந்து வந்து என் மடியில் முதுகைச் சாய்த்தாள். நிமிர்ந்து பார்த்தேன். ஒரு கையால் முந்தானையைப் புருவத்தில் அழுத்திக்கொண்டு, மற்றப் பிள்ளைகளை நண்டு போலப் பக்கவாட்டில் நடத்திக்கொண்டிருந்தார் அக்கா. சிரிப்புச் சத்தம் கூரையைத் தொட்டது. ஆடி மாதக் கடலைப் பார்த்து வாயடைத்து நிற்போமே, அப்படி நின்றுவிட்டது என் மனம்.

மறுநாள் கடிபட்ட பையனின் அம்மா கமலாட்சி வாசலில் வந்து நின்றாள். "ஒண்ணு அவ இருக்கணும், இல்ல என் பையன் இருக்கணும். நீ என்ன டீச்சரா, இல்ல கொலுப்பொம்மையா?"

அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் குழாயடியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவேயில்லை.

"அவனுக்கு வலிச்சது நிஜம்மா" என்றேன். "இனிமே மணல் விளையாட்டு முடியறப்ப ரெண்டு பேருக்கும் நடுவுல நான் உக்காருவேன். கொஞ்ச நாள் பொறுங்க."

"பொறுக்கறேன். ஆனா என் கண்ணு உன் மேலதான் இருக்கும்" என்று முறைத்துவிட்டுப் போனாள்.

"ஏன்க்கா ஒரு வார்த்தை பேசல?"

"நாளைக்கு நான் இங்க இருக்க மாட்டேன். அவ உன்கிட்டதானே வரணும்?"

மழைக்காலம் பாதி கழிந்திருந்தது. அக்கா எட்டிப்பார்க்க வந்திருந்தார். "இன்னும் ஒரு வாளிதான்" என்றேன். சிஞ்சனா கமலாட்சி மகனின் மணிக்கட்டைப் பிடித்தாள். வாயும் திறந்தது. நான் கையை நடுவில் வைத்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. பிறகு பிடியை விட்டு, காலைத் தரையில் உதைத்து, "எனக்கு இன்னும் வேணும்" என்று அலறினாள்.

"வேணுமா? சரி, இன்னொரு வாளி போடு" என்றேன்.

"நானும்" என்றான் அந்தப் பையன்.

கதவருகே நின்ற அக்கா தன் கையை நீட்டிக் காட்டினார். ரோமம் சிலிர்த்திருந்தது. "எத்தனை பாத்தாச்சு. இன்னும் ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் ஆகுது. கடிக்கிற வாய் பேசிடுச்சு பாரு."

சிஞ்சனா அதோடு மாறிவிடவில்லை. அதற்குப் பிறகும் உதைத்திருக்கிறாள், துப்பியிருக்கிறாள். எனக்குத்தான் பயம் போய்விட்டது.

அன்று அக்கா டீ கூடக் குடிக்கவில்லை. ஹொன்னாவரில் ஒரு பையன் மேஜைக்கடியில் புகுந்துகொண்டு வர மாட்டேன் என்கிறானாம், டீச்சர் புதுசாம். மூட்டுவலியோடு, மழையில் குடையை மடக்கியபடி, நகரத் தொடங்கிய பஸ்ஸை நிறுத்தி ஏறினார்.