கியர் ஆயிலில் மஞ்சள் செதில்

எங்கள் முதலாளியிடம் ஒரு பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. இரண்டு பேர்தான் உட்காரலாம், மேலே துணிக்கூரை. பட்டாசுக் கம்பெனியின் வேன்களையும் லோடு வண்டிகளையும் பழுது பார்ப்பதுதான் என் வேலை. கார் அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. தீபாவளி முடிந்து கம்பெனி ஓய்ந்து கிடக்கும் நாட்களில்தான் முதலாளிக்கு அதன் நினைப்பு வரும். சாயங்காலம் ஆனைக்குட்டம் அணை வரை ஓட்டிப் போய்த் திரும்புவார்.

போன சீசன் முடிந்து காரை எடுத்தபோது கியர்பாக்ஸ் உறுமியது. இரண்டாம் கியர் போட்டால் தானாகக் கழன்றது. பிரித்துப் பார்த்தேன். பற்கள் கரும்புச் சக்கைபோல் மழுங்கியிருந்தன.

அந்த மாடலுக்குக் கியர்பாக்ஸ் எங்கும் கிடைக்கவில்லை. பழைய கார் சாமான்கள் விற்கும் மதுரைத் தரகர் ஒருவர், அதே கம்பெனியின் வேறொரு மாடலுடையது தன்னிடம் இருக்கிறது என்றார். அது சில வருடம் கழித்து வந்த, தகரக்கூரை போட்ட மாடல்.

"ரெண்டும் அண்ணன் தம்பிய்யா. அவன் சட்டைய இவன் போட்டுக்கிடலாம்," என்றார் போனில்.

எங்கள் வீட்டில் அண்ணன் சட்டை எனக்கு ஒருநாளும் பொருந்தியதில்லை. அவர்மேல் எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது.

லாரி சர்வீஸில் கியர்பாக்ஸ் வந்தது. ஒவ்வொரு போல்ட் தலையிலும் வெள்ளை பெயிண்ட் வைத்திருந்தார்கள். பெயிண்ட் உடைந்தால் பிரித்துவிட்டதாகக் கணக்கு, திருப்பி வாங்க மாட்டார்களாம். இன்ஜினோடு சேரும் துளைகள் அத்தனையும் அச்சாகப் பொருந்தின. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. எங்கே இடிக்கப் போகிறதோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் கிளட்சில் இடித்தது. கிளட்சுக்குள் நுழையும் தண்டில் பழையதற்குப் பத்துப் பட்டைப் பற்கள், புதியதில் அதைப்போல் இரண்டு பங்குக்கு மேல் பொடிப் பற்கள். கிளட்ச் தகட்டை மாற்றினேன். அடுத்து, பாக்ஸின் வால் பகுதி பழையதைவிட இரண்டு அங்குலம் நீளம். பின் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டை விருதுநகரில் லேத்தில் கொடுத்துக் குறைத்து வாங்கினேன். கியர் கம்பி பின்னால் தள்ளி வந்ததால் தரைத் தகட்டில் வேறு துளை போட வேண்டியிருந்தது.

இந்த நாட்களில் முதலாளியின் மைத்துனர் தினமும் வந்து நின்றார். லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸைப் பார்த்துக்கொள்பவர், என்னைவிட இளையவர். நான் எதைக் கழற்றினாலும் செல்போனில் படம் எடுப்பார். எதற்கு என்று நான் கேட்டதில்லை. கேட்கிற வழக்கம் எனக்குக் கிடையாது.

கடைசியில் வேகம் காட்டும் மீட்டர் மிச்சமிருந்தது. அந்த மாடலின் கணக்கு வேறு. கார் ஐம்பதில் போனால் மீட்டர் எழுபது காட்டும். மீட்டரை ஓட்டும் சின்னப் பல்சக்கரத்தைப் பழைய பாக்ஸிலிருந்து எடுத்துப் புதியதில் போட்டால் சரியாகிவிடும். அதற்கு வால் பகுதியைப் பிரிக்க வேண்டும். பெயிண்ட் உடையும். முதலாளியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேண்டாம் என்பார், பிறகு மீட்டர் பொய் சொல்கிறது என்று என்னையே குறை சொல்வார் என்று நினைத்தேன். யாரும் இல்லாத ஒரு மதிய நேரத்தில் பிரித்தேன். சக்கரத்தை மாற்றி, பேரிங்கைத் தட்டி இறக்கி, மூடிவிட்டேன். உடைந்த பெயிண்டையும் ஆயில் துணியால் துடைத்தேன். ஏன் துடைத்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கார் வெண்ணெயாக ஓடியது. பத்து நாள் கழித்து முதல் ஆயிலை இறக்கினேன். புதிதாகப் பூட்டிய பாக்ஸில் முதல் ஆயிலை இறக்கிப் பார்ப்பது என் வழக்கம். மைத்துனரும் குனிந்து பார்த்தார். தட்டில் விழுந்த ஆயில் வெயிலில் மஞ்சளாக மினுங்கியது.

"என்னண்ணே, உள்ள மத்தாப்பு அடைச்சு வச்சிருந்தீகளோ?"

 கியர் கரகரக்காமல் விழுவதற்கு உள்ளே பித்தளை வளையங்கள் இருக்கும். அவை தேய்ந்தால்தான் மஞ்சள் பொடி வரும். தரகர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

மைத்துனர் வேறு மாதிரி நினைத்தார். வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"வால்ல இருந்த பெயிண்ட யாருண்ணே அழிச்சது?"

"நான்தான்."

"அத்தான்ட்ட சொன்னீகளா?"

"இல்ல."

"போதும்ணே. இம்புட்டுத்தான் எனக்கு வேணும்."

முதலாளியைக் கூட்டிவந்தார். அவர் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னலே, நல்ல வளையத்த உருவிட்டு பழச மாட்டிட்டேங்கான் மாப்ள. நெசமா?"

"இல்ல அண்ணாச்சி."

அதற்குமேல் எனக்கு வார்த்தை வரவில்லை. மைத்துனர், "பாத்தீகளா அத்தான், பேச்சே வரல," என்றார்.

"நீ நாளைக்கு வண்டி வேலைக்கும் வர வேணாம். சொல்லி அனுப்புதேன்," என்று சொல்லிவிட்டு முதலாளி உள்ளே போனார்.

பதினைந்து வருட வேலை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ஒரு கம்பெனியில் களவாணி என்று பேர் வாங்கினவனை நாரணாபுரம் ரோட்டில் வேறெந்தக் கம்பெனியும் வாசலுக்குள் விடாது. தீப்பெட்டி இருக்கிறதா என்று இடுப்பைத் தடவிப் பார்க்கும் வாட்ச்மேனுக்குக்கூட அந்தச் செய்தி முந்திப் போய்விடும்.

தட்டின் அடியில் தங்கியதை ஒரு டப்பா மூடியில் வழித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். தரகருக்குப் போன் போட்டேன்.

"தேஞ்ச வளையத்த வச்சு அனுப்பிட்டீக."

"பெயிண்ட் இருக்காய்யா?"

"நான் உடைச்சிட்டேன்."

"அப்ப களவாணி யாரு? நீயா, நானா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டார். ஒரே நாளில் இரண்டாவது முறையாகக் களவாணிப் பேர்.

என் மனைவி அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கும் ரூமில் பல வருடம் வேலை பார்த்தவள். நடந்ததைக் கேட்டுவிட்டு மூடியை வாங்கினாள். ஆயிலைத் துணியில் ஒற்றி எடுத்து, மிச்சத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டினாள்.

"இதப் பொடின்னு யாரு சொன்னா?"

"எல்லாருந்தான்."

"தேஞ்சு வந்த பொடின்னா மாவு மாதிரி வெரல் ரேகையில அப்பும். இது குத்துது. செதிலு. எதையோ அடிச்சு உதிந்திருக்கு. நீங்க எத வச்சு அடிச்சீக?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேலை பழகியது பட்டாசுக் கம்பெனிக்குள். அங்கே இரும்பால் இரும்பை அடித்தால் பொறி பறக்கும் என்று பித்தளைச் சுத்தியல்தான் கையில் கொடுப்பார்கள். மருந்தே இல்லாத கார் ஷெட்டிலும் என் கை அதையேதான் எடுக்கிறது. பேரிங்கைத் தட்டி இறக்கியதும் அதனால்தான். பையைத் திறந்து பார்த்தேன். சுத்தியலின் ஓரம் ஒரு பக்கம் பூவாக விரிந்து பிய்ந்திருந்தது. களவு இல்லை, ஆனால் தப்பு என்னுடையதுதான். பேரிங்கை இறக்கியபின் டீசல் ஊற்றிக் கழுவியிருக்க வேண்டும்.

"இத இப்பவே போய்ச் சொல்லுங்க," என்றாள்.

"நம்புவாகளா?"

"நம்பாட்டிப் போறாக. நீங்க சொல்லணும்ல."

மறுநாள் காலை சுத்தியலையும் மூடியையும் எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனது வாசலில் மறந்துவிட்டது. சுத்தியலை நீட்டினேன். முதலாளி ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"எதுக்குலே சுத்தியலத் தூக்கிட்டு வாரே?"

பிறகு ஒரு வழியாகச் சொல்லி முடித்தேன். மைத்துனர் சிரித்தார்.

"அத்தான், சுத்தியலத் தரையில தேச்சாலும் இப்படித்தான் ஆகும்."

"பிரிச்சுப் பாருங்க அண்ணாச்சி," என்றேன். "உங்க கண்ணு முன்னால பிரிக்கேன்."

என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. முதலாளி யோசித்தார்.

"பிரி. நான் நிக்கேன்."

மதியம் வரை நின்றார். பாக்ஸை இறக்கிக் கியர்களைத் துணியில் வரிசையாக வைத்தேன். வளையங்களின் பற்கள் ஊசியாக இருந்தன. முதலாளி ஒன்றை எடுத்து நகத்தால் நெருடிப் பார்த்தார். சாக்கில் கிடந்த பழைய பாக்ஸைக் கொட்டச் சொன்னார். அதன் மழுங்கிய வளையங்கள் நான் விட்ட இடத்திலேயே இருந்தன. அவற்றில் ஒன்றைப் புதிய கியர்மேல் வைத்து அமுக்கினார். உட்காரவில்லை. திருப்பி வைத்தார். அப்போதும் உட்காரவில்லை.

"ரெண்டும் வேற மாடல் அண்ணாச்சி. இது அதுல சேராது."

"இத நேத்தே சொல்றதுக்கு என்ன?"

நான் பழைய வளையங்களைச் சாக்கில் அள்ளிப் போட்டேன்.

"அப்ப வேற எங்கயாச்சும்..." என்று மைத்துனர் ஆரம்பித்தார்.

"மாப்ள, நல்லது கண்ணு முன்னால இருக்கு. இல்லாதத எங்க போய்த் தேடச் சொல்லுத?" என்றார் முதலாளி. பிறகு என்னைப் பார்த்து, "சொல்லாமப் பிரிச்சது தப்பு. கழுவாம மூடினது அதவிடத் தப்பு. நாளைக்கு வேன் வேலைக்கு வந்துரு," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

வேலை திரும்பக் கிடைத்தது. நம்பிக்கை திரும்பியதா என்பது எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. மறுநாள் லோடு வேனுக்கு அடியில் படுத்திருந்தேன். பக்கத்தில் செருப்புச் சத்தம் வந்து நின்றது. மைத்துனர். செல்போனைத் தூக்கிப் படம் எடுக்கத் தயாரானார்.

இத்தனை நாள் நான் அவரிடம் எதுவும் கேட்டதில்லை. அன்று, "சும்மாதான நிக்கீக, அந்த டார்ச்சக் கொஞ்சம் இங்கன புடிங்க," என்றேன்.

 அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து டார்ச்சைப் பிடித்தார். வெளிச்சம் என் கைமேலேயே இருந்தது.

"போல்ட்டு மேல அடிங்க," என்றேன்.